வெறும் வயிற்றோடு ஓடிய மில்

நல்ல காரியம் ஒன்றை வெறுமையாகத் தொடங்கலாமா? எனக்கு இன்னும் விடை தெரியாது. தெரிந்தவள்போல ஒருநாள் நடந்துகொண்டதால் வந்த வினையைச் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் எங்கள் நெல்மில் பழைய மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குக் கரண்ட் வந்ததும் என் கணவர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே பழைய மெஷினை மோட்டாரில் ஓட்டத் துணிந்தார். நாங்கள் லைனின் கடைசியில் இருந்ததால் கரண்ட் மெலிவாகத்தான் வரும். அதற்காகத் தனிக் கம்பி, தனிப் பியூஸ் எல்லாம் போட்டார். மெஷின் வெறுமையாக ஓடி வேகம் பிடித்த பிறகே நெல் விடவேண்டும் என்று சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். (நானும் 'ஓம்' போட்டேன். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்பதே என் யோசனை.)

தொடக்க நாளன்று வாசலில் நெல் மூட்டைகளோடு வண்டிகள் நின்றன. மோட்டார் ஓடாவிட்டால் அவ்வளவும் அடுத்த மில்லுக்குப் போய்விடும். மாமி நிறைகுடம் வைத்துக் கும்பிட்டார். புதுப் பானையைக்கூட வெறுமையாக உள்ளே எடுக்காத குடும்பத்தில், நல்ல நேரத்தில் மெஷின் வெறும் வயிற்றோடு தொடங்குவதா? யாரும் பார்க்காத நேரம் மெஷினின் மேல்தொட்டியில் ஓலைக் கடகம் ஒன்று நிறைய நெல்லைக் கொட்டி, அது உள்ளே இறங்கத் தொட்டியின் அடியை மூடியிருந்த தகட்டையும் இழுத்துவிட்டேன்.

இவர் சுவிச்சைப் போட்டார். மோட்டார் உறுமியது; பியூஸ் போனது. புதுப் பியூஸ் எடுக்க இவர் உள்ளே போன இடைவெளியில், நெல் போதாதோ என்று பயந்து இன்னும் ஒரு சுளகு நெல்லும் கொட்டினேன். அந்தப் பியூஸும் போனது.

வண்டிக்காரர் ஒருவர் மாட்டைப் பூட்டத் தொடங்கினார். "தம்பி, உன்ரை மோட்டார் களவா நெல்லுத் திண்ட மாடு மாதிரி முனகுது."

இவர் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டுப் பெல்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. மூடியைத் திறந்தார்.

"இதுக்குள்ளை ஆர் நெல்லுப் போட்டது?"

"நான்தான். வெறுமையாத் துடங்கக் கூடாதெண்டு..."

"நீர் சயன்ஸ் படிச்சனீர் எல்லே?"

"படிச்சனான். அதிலை நல்ல நேரத்தைப் பற்றி ஒண்டும் இல்லை."

நெல்லை அள்ளி முடிக்க ராகுகாலம் பிறந்துவிட்டது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். இவர் இன்னொரு பியூஸைப் போட்டுச் சுவிச்சைத் தட்ட, மெஷின் வெறும் வயிற்றோடு அழகாக ஓடியது, இன்றும் ஓடுகிறது. வண்டிக்காரரும் மாட்டை அவிழ்த்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதற்கு அவசரப்பட்டாலும், "முதல் வெறுமையா ஓடவிடும்" என்பார்கள். இப்போது மகள் வருகிற தை மாதம் பள்ளிக்கூடம் போகப்போகிறாள். அரிச்சுவடி, வாய்ப்பாடு, தேவாரம் எல்லாம் ஊட்டிவிட்டேன். நேற்று வீட்டுக்கு வந்தவர்கள் அவளுடைய பெயரைக் கேட்டபோது பிள்ளை 'ம்ம்ம்' என்று உறுமியபடி நின்றாள்.

"இன்னும் எத்தினை கடகம் கொட்டப்போறீர்?" என்கிறார் இவர்.

பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். அவளை வெறுமையாகவே அனுப்பலாமா? ஒரு கைப்பிடியாவது போட்டு அனுப்பட்டுமா?