என் வயிற்றைக் காட்டிக்கொடுத்த ஸ்கேன்

எனக்குப் பொறாமை அதிகம். வெளியே காட்டக் கூச்சம் என்பதால் அது உள்ளேயே இருந்து நன்றாகப் பெருத்துவிட்டது.

குடலிறக்க ஆபரேஷனுக்கு மூன்று மாதம் காத்திருந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். ஜெலுத்தோங் பசாரில் மீன்பெட்டி தூக்குபவன் நான். ஆபரேஷன் முடிந்தால்தான் மறுபடி வேலை. வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் பசி தாங்காமல் கேண்டீனில் இரண்டு ரொட்டி சானாய் தின்றுவிட்டேன். (அரிசி இல்லாததை எங்கள் வீட்டில் யாரும் சாப்பாட்டில் சேர்த்ததில்லை.)

எட்டு மணிக்கு ஓர் இளம் டாக்டர் ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். நேராகப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். அங்கே காதர், சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர். டாக்டர் தன் பெயரைச் சொன்னார், அனுமதி கேட்டார், கருவியைத் துடைத்தார், "ஜெல் சில்லுன்னு இருக்கும் அங்கிள்" என்று எச்சரித்துக் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்தார். இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னிடம் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. எனக்கு எரிந்தது.

அவர் வெளியே வந்ததும் மூன்று முறை இருமிவிட்டு, "எனக்கு, டாக்டர்?" என்றேன்.

"அவருக்கு இனிப்புநீர் வியாதி, அங்கிள். இரைப்பை காலியாக லேட்டாகும். சந்தேகம் இருந்தாதான் பாப்போம். நீங்க ஒண்ணும் சாப்பிடலதானே?"

"பச்சைத் தண்ணிகூட இல்ல."

அவர் கிளம்பப் பார்த்தார். விட மனமில்லை. "ஆனா வயிறு என்னமோ கனமா இருக்கு."

அவ்வளவுதான், எனக்கும் அதே ராஜ உபசாரம். வலப்பக்கம் ஒருக்களித்து மாப்பிள்ளை போலப் படுத்திருந்தேன். டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, படத்தை என் பக்கம் திருப்பினார்.

"இது என்ன அங்கிள்?"

"குடலா, டாக்டர்?"

"சாப்பாடு."

திரைக்கு அப்பாலிருந்து காதரின் குரல்: "ரொட்டி சானாய்லா டாக்டர்! அண்ணன் வந்து படுத்தப்பவே வாசம் வந்துச்சு!"

"மயக்க மருந்து கொடுத்தப்புறம் இது மேல வந்து நுரையீரல்ல போயிருந்தா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். ஆபரேஷன் இரண்டு மாதம் தள்ளிப்போனது. காதர் எனக்குக் கையசைத்துக்கொண்டே தள்ளுக்கட்டிலில் போனார். லீவு போட்டு வந்த என் மனைவி சரோஜா, "ஒரு ரொட்டிக்கு ஒரு மாசமா?" என்றாள்.

இப்போதும் காதர் தன் கடையில் இந்தக் கதையைச் சொல்கிறார். மேசைக்கு மேசை சிரிக்கிறார்கள். வீட்டில் நானும் சொல்லிப் பார்த்தேன்.

"அவரு சொல்றதுதாங்க நல்லாருக்கு" என்கிறாள் சரோஜா.