தோன்ச்கா அக்காவின் கடைசி முத்திரை

போஹின் ஏரிக்கரை, ஸ்லோவேனியா
ஆகஸ்ட் 19

ஆஸ்திரேலியாவில் சகல சௌகரியங்களோடும் வீற்றிருக்கும் அன்பு அக்கா தோன்ச்காவுக்கு, தங்கை ஸால்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இரண்டு கோழிகளும் நலம். உன் நலமும் உன் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

உன் மகள் சோன்யா ஊர் சுற்றிப் பார்க்க வந்து சேர்ந்தாள். ஏறிய விடுதிதோறும் முத்திரை குத்தி வைத்தாயே, அந்த உன் பழைய மலைப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "இனிமே நான் எங்க வரப்போறேன், முட்டி போச்சு, ஏழு ஏரி விடுதி முத்திரை ஒண்ணுதான் பாக்கி, நீயே ஏறிக் குத்தித் தபால்ல அனுப்பிடு" என்று நீ சொன்னதையும் சொன்னாள். அக்கா சொல்லைத் தட்டியதுண்டா நான்? ஏறினோம்.

அருவிவரை நன்றாகத்தான் போனோம். சோன்யாவின் புதுச் சப்பாத்தைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு சப்பாத்தாடி, என்னுது எழுபத்தொண்ணுல வாங்கினது, இன்னும் கல்லு மாதிரி இருக்கு" என்று நான் பீற்றிக்கொண்டு பத்தடி வைத்திருக்க மாட்டேன், இடது கால் அடித்தோல் வாயைப் பிளந்தது, சிரித்து முடிப்பதற்குள் வலதும் பிளந்தது, அவள் தலைமுடி ரப்பரைப் போட்டு இரண்டையும் கட்டிவிட்டாள், அந்தக் கோலத்தில் செங்குத்துப் பாறையில் கம்பிவடத்தைப் பிடித்து ஏறினால் மேலே நிற்கிறவர் என் பல் டாக்டர் ஸ்லாவ்கோ! கீழே அவர் முன்னால் வாயைத் திறக்கவே நடுங்குவேன். ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால்தான் நம் ஊர் வழக்கப்படி யாருக்கும் மரியாதைப் பேச்சு கிடையாதே, எல்லோரும் வாடா போடாதான். "ஏய் ஸ்லாவ்கோ, வடத்த விடுடா, நான் பிடிக்கணும்!" என்றேன். "வா கிழவி, பல்லு பத்திரம்!" என்றான். சோன்யா அரண்டுவிட்டாள். "சித்தி, அவர் டாக்டர்னு சொன்னீங்களே?" என்றாள். "இறங்கினதும் மறுபடி டாக்டர் ஆயிடுவார்" என்றேன்.

கறுப்பு ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். நீ ஊரைவிட்டுப் போகுமுன் நாம் கடைசியாக ஏறியபோது உட்கார்ந்த மரக்கட்டை இன்னும் கிடக்கிறதக்கா. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது, நீ கப்பலுக்கு மூட்டை கட்டவேண்டும் என்று அங்கிருந்தே திரும்பலாம் என்றாய், நான் அழுதேன், "அடுத்த கோடைக்கு வந்து குத்திக்கலாம்டி, மலை எங்க ஓடிடப்போகுது" என்றாய். ஐம்பத்து மூன்று கோடை போய்விட்டது. மலை எங்கேயும் ஓடவில்லைதான்.

விடுதியில் பார்லி சூப் அதே ருசி. விடுதிக்காரன் பிளாஷிடம் உன் புத்தகத்தை நீட்டினேன்.

"யாரோடது?"

"அக்காவோடது."

"அவ எங்க?"

"ஆஸ்திரேலியாவுல."

"அடேங்கப்பா, அவ்வளவு பின்னாடியா வந்துட்டிருக்கா?" என்று சிரித்தவன், "நடந்து வந்தவங்களுக்குத்தான் முத்திரை, உனக்குத் தெரியாததா? சரி, நான் சூப்பக் கிண்டப் போறேன், திரும்பிப் பாக்க மாட்டேன்" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் மையில் ஒற்றி, கடைசிக் கட்டத்தில் நச்சென்று குத்தினேன். உன் புத்தகம் பூர்த்தியாகிவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனி நீ இவ்வளவு தூரம் வந்து சிரமப்பட வேண்டியதில்லை.

முட்டிக்குச் சூடான ஒத்தடம் கொடு. மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நூறு வயது இருங்கள்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தட்டாத தங்கை
ஸால்கா

பி.கு.: உறையை உதறிப் பார்க்காதே, புத்தகம் அதில் இல்லை. முத்திரையைக் கையில் எடுத்தேன், அக்கா. குத்த மனசு வரலை. குத்திட்டா நீ வரவே மாட்டே. கட்டம் வெள்ளையாவே இருக்கு, புத்தகம் என் தலைமாட்டுல இருக்கு. அடுத்த ஜூலைக்கு விடுதியில ரெண்டு கட்டில் சொல்லி வச்சிட்டேன், கீழ்க்கட்டில் உனக்கு. முட்டி வலிச்சா என்ன, மெதுவா ஏறலாம். இந்தத் தடவை மழை பெஞ்சாலும் திரும்ப விடமாட்டேன்.