செக்போஸ்ட்டைத் தாண்டாத டிங்

இந்த உலகத்தில் யாரும் எதற்காகவும் ஓரிடத்தில் சும்மா நிற்கக் கூடாது என்று உயிரைக் கொடுத்து நம்பிய ஒரே மனிதர் எங்கள் செக்போஸ்ட் அண்ணாதான். மண்ணூர்பேட்டை பக்கம் ரப்பர் வாஷர் செய்கிற எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அதற்கு முன்னால் ஆவடியில் ஏதோ ஒரு ராணுவ கேம்ப்பில் கம்ப்யூட்டர் பார்த்தவர். அங்கே கேட்டில் துப்பாக்கியோடு நின்றவரைப் பார்த்துப் பார்த்து, அது தான்தான் என்று நினைத்துக்கொண்டுவிட்டார் போல.

கேன்டீனில் டீ கிளாஸோடு இரண்டு பேர் நின்றால் போதும். "இன்னா நைனா, இன்னாத்துக்கு நிக்கிற? குடிச்சா கெளம்பு" என்பார். ஷெட் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற முதலாளியையே ஒருமுறை விரட்டியிருக்கிறார். திரும்பிய முகத்தைப் பார்த்ததும், "நடந்துகினே இருந்தா சுகர் எறங்கும் சார்" என்று சமாளித்தார். முதலாளிக்கு சுகரே கிடையாது.

இவர் கையில்தான் ஃபயர்வால் இருந்தது. வெளியே இன்டர்நெட், உள்ளே நாங்கள், நடுவில் போகிறதையும் வருகிறதையும் சோதிக்கிற ஒரு பெட்டி. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்தவர்கள், இதற்கு மட்டும் ஒரு எலுமிச்சம்பழமும் கட்டினார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அண்ணா, "கட்டு கட்டு, எக்ஸ்ட்ரா செக்யூரிட்டி" என்றார்.

வாடிக்கையாளர்களின் மெயிலுக்குப் பதில் போடுவது என் வேலை. வந்தது வினை. புது மெயில் வந்தால் போனில் டிங் என்று சத்தம் வரவேண்டும் அல்லவா? மெயில் காலையில் வந்திருக்கும். டிங் மதியச் சாப்பாட்டோடுதான் வரும். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பொறுத்துப் பார்த்து, இன்னொரு தடவை பதில் தாமதமானால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு என்று சொல்லிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஸ்டெல்லா, ஆர்டர் போனா உன் சீட்டும் கூடவே போயிடும்மா" என்று அன்பாகச் சொன்னார். அத்தோடு விட்டாரா? வேலை நேரத்தில் யாரும் போனைப் பார்க்கக் கூடாது என்று ஒரு சர்க்குலர், மெயிலுக்கு உடனே பதில் போடவேண்டும் என்று இன்னொரு சர்க்குலர். இரண்டும் மெயிலில்தான் வந்தன. இரண்டுமே லேட்.

அண்ணாவிடம் ஓடினேன்.

"போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா."

"பண்ணிட்டேண்ணா."

"அப்ப டவர் கெடிக்கல."

"வைஃபைக்கு எதுக்குண்ணா டவர்?"

"அப்ப உன் கைராசி."

அந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி அவர் மேலேயே எறியலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு போன்களை அவர் மேஜைமேல் வைத்தேன். இரண்டிலும் என் ஆபீஸ் மெயில். ஒன்று கம்பெனி வைஃபையில், இன்னொன்று சிம் கார்டு நெட்டில். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை தொடாமல் வைத்திருந்து, எனக்கே ஒரு மெயில் போட்டேன். சிம் கார்டு போன் உடனே டிங் என்றது. வைஃபை போன் வாயே திறக்கவில்லை.

"அந்த போனு மக்கர்" என்றார். இரண்டையும் மாற்றிப்போட்டேன். இன்னொரு டீ. இப்போது மக்கர் போன் டிங் என்றது, நல்ல போன் ஊமையாகிவிட்டது.

"உங்க பொட்டிதாண்ணா எதையோ புடிச்சி நிறுத்துது."

"நிறுத்தலம்மா, வெட்டுது" என்றார் பெருமையாக. "பேச்சும் இல்ல, போக்குவரத்தும் இல்ல, ஒரு கனெக்‌ஷன் சும்மா நின்னுகினு கீது. இன்னாத்துக்கு நிக்கணும்? கொஞ்ச நேரம் பாப்பேன். வெட்டிருவேன்."

அட ஆண்டவரே! மெயில் வந்த உடனே சொல்வதற்காக, அதுவரை வாய் திறக்காமல் வாசலில் நிற்கிற கனெக்‌ஷன் அது. அதைப் போய் இந்த மனுஷன் போக்கிரி என்று விரட்டியிருக்கிறார்.

"அது சும்மா நிக்கலண்ணா, காத்துகினு நிக்குது."

"எல்லாக் களவாணியும் அதத்தாம்மா சொல்லுவான்."

அண்ணாவின் மனைவிக்குப் பக்கத்துத் தெரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. எங்கள் வேலை முடிந்ததும் அண்ணா நேராக அந்த கேட்டுக்கு வெளியே போய் நிற்பார். அண்ணிக்கு ஓவர்டைம் என்றாலும், மழை கொட்டினாலும் அசையமாட்டார். அண்ணி வெளியே வந்த பிறகுதான் இருவரும் பட்டாபிராமுக்கு ரயில் பிடிக்கக் கிளம்புவார்கள். இது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கே தெரியும்.

"அண்ணி கம்பெனி கேட்டாண்ட தெனம் நிக்கிறீங்களே, அந்த வாட்ச்மேன் தொரத்தினா கெளம்பிடுவீங்களா?"

"நான் இன்னா சும்மாவா நிக்கிறேன்? அவளுக்கோசரம்..."

பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கீபோர்டைத் தட்டினார். தட்டி முடித்ததும், "மெயிலு மட்டும் நிக்கிற மாதிரி ஒரு ரூல் போட்டுகீறேன். பேரு இன்னா தெரியுமா? ஸ்டெல்லா நிக்கட்டும்" என்றார்.

மறுநாள் அந்த வாடிக்கையாளரின் மெயில் வந்தது. கூடவே டிங்கும் வந்தது! சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதில் போய்விட்டது. ஆர்டரும் நின்றது, என் சீட்டும் நின்றது. எலுமிச்சம்பழத்தை மாற்றியதுதான் காரணம் என்று முதலாளி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செக்போஸ்ட் அண்ணா இப்போது பூந்தமல்லியில் வேறு கம்பெனியில் இருக்கிறார். அவர் இடத்துக்கு வந்த பையன் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "மேடம், ஃபயர்வால்ல 'ஸ்டெல்லா நிக்கட்டும்'னு ஒரு ரூல் இருக்கு. பேரு காமெடியா இருக்கு, மாத்திடட்டா?" என்றான்.

"கைய வெச்சியோ, கொன்னுடுவேன்" என்றேன்.

பாவம், அவன் மிரண்டுபோய் டீ குடிக்கப் போய்விட்டான். நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். விரட்டத்தான் ஆளில்லை.