ரோசாலி மதாமின் ஒஞ்ஞோன்

குழம்பு கசந்தது.

“இஞ்சை, இது என்ன வெங்காயம்?” வாயில் வைத்ததைத் துப்பினாள் கௌரி.

“கீழ்வீட்டுப் புதுச்சேரி மதாம் தந்தது,” என்றான் குகதாசன். “மகளிட்டைப் போகேக்கை, ‘அந்த ஒஞ்ஞோனையெல்லாம் போட்டுடுப்பா’ எண்டவ. அதுதான் குழம்பிலை போடத் தந்தனான்.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நாளில் லா சப்பல் தமிழ்க் கடைகளில் சின்ன வெங்காயத்தைக் கண்ணால் காண்பதே பெரிய விஷயம். ஒரு பை நிறையச் சும்மா கிடைத்தால் யார்தான் யோசிப்பார்கள்?

மறுநாள் மிஞ்சிய ஒன்றை, ரெஸ்ரோறண்டில் கூட வேலை செய்யும் புதுச்சேரி வலன்ரைனிடம் காட்டினான்.

“அடப்பாவி! இது நீலப் பூக்கிழங்கு. பிரெஞ்சுல வெங்காயம் மாதிரியே இதையும் ஒஞ்ஞோன்னுதான் சொல்லுவாங்க. அவங்க வீட்டுக்காரர், செத்துப்போன மார்செல், உயிரா வளர்த்தது. மண்ணுல போடச் சொல்லியிருப்பாங்க!”

வதிவிடப் பேப்பர் இல்லாமல் நின்ற குகதாசனுக்கு ஊரே கதவைச் சாத்தியபோது, மேல் அறையைத் திறந்துவிட்டவர் ரோசாலி மதாம். அவர் புருஷனின் ஞாபகத்தைப் புளி விட்டுக் கொதிக்க வைத்தாயிற்று.

“மனுசியின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?” வீட்டுக்கு வந்து கௌரியிடம் கேட்டான்.

“வாங்கி நட்டுவிடுங்கோ. அவவுக்குத் தெரியவா போகுது?” என்றாள் கௌரி.

ஆற்றங்கரைக் கடையில் ஒரு பை வாங்கி நட்டான். போதாதென்று பட்டது. இன்னொரு பை வாங்கினான். முன்பு எங்கே இருந்ததென்று தெரியாததால் ரோசாச் செடியடி, கல்லிடுக்கு, படியோரம் என்று கண்ட இடமெல்லாம் ஊன்றினான். ஒருமுறை வைத்தால் தானாகப் பரவும், பிறகு அழிக்கவே முடியாது என்று கடைக்காரன் சொன்னது ஆறுதலாக இருந்தது. அப்படியும் மனம் ஆறவில்லை. மதாமின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே, பிரெஞ்சு எழுத்தில், பெரிதாக ‘மார்செல்’ என்று நட்டான்.

குளிர்காலம் முடிந்து, ஏப்ரலில் ரோசாலி மகள் தெரேசுடன் வந்திறங்கினார். முற்றம் முழுக்க நீலம். உள்ளே போய் ஜன்னலைத் திறந்தவர் வெகுநேரம் கீழே பார்த்தபடி நின்றார். கண்கள் நிறைந்தன. ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

“பாத்தியே, சந்தோசத்திலை மனுசிக்குக் கதை வரேல்லை,” என்றான் குகதாசன்.

தெரேஸ் முற்றத்துக்கு வந்தாள்.

“முசியே குகா, இது அப்பா வெச்சிருந்த பொம்பளைக்குப் பிடிச்ச பூன்னு அம்மா முழங்கால் தேய ஒண்ணுவிடாம தோண்டியெடுத்து, உங்களைக் குப்பையிலதானே போடச் சொன்னாங்க?”