முனுசாமி மாவை வெளுத்த படலம்

வாழ்க, செலண்டார் ஊரின் பஸ் நிற்குமிடத்து ரொட்டி ஒட்டுக்கடையின் இரும்புக்கல் காத்த காவலன், நெய்வழி கைத்தலத்தன், பிசைந்த மாவைக் காற்றில் வீசிக் கார்மேகமெனக் கவிழ்க்கும் கரவலியன், கிழிந்த பனியனணிந்த பார்த்திபன் முனுசாமி வாழ்க! முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத்தோடு கிடந்தும் புத்தி மட்டும் உறையாத அப்பெருமகன் தலையிலே, தொண்ணூற்றாறாம் ஆண்டில் ஒரு போர் வந்து விழுந்தது.

படையெடுத்து வந்தவர் சாமிக்கண்ணு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாயிருந்து ஓய்ந்தவர், பேனாவைவிடக் கனத்ததைத் தூக்கியறியாத தோளர். மகளுக்குப் பரிசம் போட வரும் சம்பந்தி வீட்டாருக்கு இருநூறு ரொட்டி சானாய் சொல்ல வந்தவர், மாதிரிக்கு ஒன்றைப் பிய்த்து வெயிலில் பிடித்தார். பகைவன் கொடி கண்டாற்போல முகம் சுளித்தார்.

"என்னய்யா, ரொட்டிக்கு மஞ்சக்காமாலையா? எங்க வீட்டு விசேஷத்துல எல்லாம் வெள்ளையா இருக்கணும்!"

பெண்ணையே பவுடரில் முக்கித்தான் சபையேற்றப் போகிறார் என்பது ஊரறிந்த சேதி.

கடைக்காரி திலகவதி அரசாணை பிறப்பித்தாள்: "நாளைக்குக் காலையில வெள்ளையா ஒன்னு சுட்டுக் காட்டுங்கண்ணே. இல்லாட்டி நான் வேற ஆள் பாத்துக்குவேன்."

மாவு மூட்டை இறக்கும் லாரிக்காரன் தர்மேந்திரன், மாவாலையில் கேட்டறிந்த மறைபொருளை முனிவன்போல மொழிந்தான்: "அது கோதுமையோட பரம்பரைலா, அண்ணே. ரொட்டிக்காரனுக்கு வெள்ளை வேணும், மீ நூடுல்ஸ் போடுறவனுக்கு மஞ்ச வேணும். ரெண்டையும் கலந்து கலந்துதான் விதை கட்டுறானுங்க. மஞ்ச ஒரே எடத்துல இல்ல. அப்பன் வழி கொஞ்சம், ஆத்தா வழி கொஞ்சம்னு நாலஞ்சு எடத்துல ஒளிஞ்சு கெடக்கும். இந்த மூட்டைக்கு வாச்சிருச்சு. வேற மூட்டை அடுத்த வாரந்தான்."

கேட்டாரா வீரர்? வெகுண்டார். "பரம்பரையாவது மண்ணாங்கட்டியாவது! தொரை காச்சட்டையில இருந்த செம்மண் கறையையே வெளுத்தவன்டா நான்!"

பொழுது புலர்ந்ததும், லைன் வீட்டுப் பெண்கள் துணி வெளுக்கிற சலவைச் சோடாவைத் தெய்வப்படைக்கலமென ஏந்தி, இரண்டு கரண்டி அள்ளி மாவின்மேல் எய்தார் முனுசாமி. எய்த கணமே, காரம் பட்டால் வெளுக்காமல் மஞ்சளேறும் மாவின் குணப்படி, தலைமுறை தலைமுறையாய்க் கோதுமைக் குலத்துள் பதுங்கியிருந்த மஞ்சளெல்லாம், முரசு கேட்ட சேனை கோட்டை திறந்து பாய்ந்தாற்போல் புறப்பட்டு, பிசையப் பிசையப் பெருகி, சோடா போதவில்லையென்று அவர் மூன்றாங்கரண்டி எய்ய இன்னும் பொங்க, விரலும் நகமும் தட்டும் மேசையும் கொன்றை பூத்த குன்றென மஞ்சளில் குளித்து நின்றன.

கிராணியார் வந்தார். சுட்டு வைத்த ரொட்டித் தட்டைப் பார்த்தார். நாக்கில் வைத்தார், துப்பினார்.

"துணி தொவைக்கிற வாடை வருதே, திலகவதி!"

"அண்ணே, மாவுல என்னத்தக் கொட்டுனீங்க?"

மலைகுலைந்தாலும் நிலைகுலையாத மாவீரர், மஞ்சள் தோய்ந்த மார்பு நிமிர்த்தி, திசையதிர முழங்கினார்: "இன்னும் ஒரு கரண்டி போட்டா வெளுத்துரும்மா!"

சாமிக்கண்ணு பரிசத்துக்கு இட்லி சொல்லிவிட்டார், முனுசாமிக்கு அன்றோடு வேலை போனது.