பால் வைத்தியரின் ஆவி

நகராட்சி மண்டபத்து வாசலில் விடிந்ததும் விடியாததுமாக வரிசை நீண்டுவிட்டது. நூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன ஊர் வைத்தியர், ஆவிக்காரர் உடம்பில் இறங்கி வைத்தியம் சொல்கிறாராம். எந்த நோய்க்கும் ஒரே மருந்து, பால். அதுவும் ஆவிக்காரரின் மைத்துனர் கடைப் பால். மற்ற மாடுகளோடு ஆவிக்குப் பழக்கமில்லை.

மூன்றாவதாக நின்ற அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. ஆவி சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாகிறது. காலில் வந்த புண் ஆறவே இல்லை. கூட வந்தவர் தம்பி. அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அடுத்தவர் தப்பைப் பிடித்தே சோறு தின்கிறவர்.

"புண்ணைப் பாருக்கா. டாக்டர்கிட்ட போவோம்."

"ஊர் வரலாற்றுப் புத்தகத்துலயே போட்டிருக்குடா, பால் வைத்தியர்னு."

அந்தப் புத்தகத்தைத் திருத்தியவரே தம்பிதான். 'பல் வைத்தியர்' நடுவே ஒரு துணைக்கால் புகுந்து உட்கார்ந்ததைக் கோட்டைவிட்டவரும் அவர்தான். இருபது வருஷமாக யாரும் கவனிக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தார். கவனித்தது ஆவி ஒன்றுதான்.

நேரே காவலாளியிடம் போனார். மண்டபத்துப் பழம்பொருள் அலமாரியைத் திறக்கச் சொல்லி, அடித்தட்டில் கிடந்த அந்த வைத்தியரின் சாமான் மூட்டையோடு ஆவிக்காரர் முன்னால் வந்து உட்கார்ந்தார். துருப்பிடித்த குறடு ஒன்றை நீட்டினார்.

"ஐயா, இது நீங்க வச்சிருந்த சாமான். இதால என்ன செய்வீங்க?"

ஆவி கண்ணை மூடித் தடவிப் பார்த்தது. "சூடான பால் சட்டியை இதாலதான் இறக்குவேன்."

கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது. தம்பி மூட்டையிலிருந்து பெயர்ப்பலகையை எடுத்து உரக்கப் படித்தார். "பல் வைத்தியர். வலியில்லாமல் பிடுங்கப்படும்."

பலகையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பால்னு போட்டது அச்சுப்பிழை. விட்டது நான். செத்தவருக்குத் தன் தொழில் தெரியாதா? புத்தகம் படிச்சு ஆடுறவருக்குத்தான் தெரியாது."

ஆவி கண்ணைத் திறந்தது. "வயசாயிடுச்சு, மறதி" என்று முனகிக்கொண்டே பின்வாசல் வழியாக நடையைக் கட்டியது. எதிரே மைத்துனர் கடைக்கதவை இறக்கினார்.

அக்கா குழம்பிப்போய் நின்றார். "அப்போ டாக்டர் சொல்றதை மட்டும் நம்பலாமா?"

"அவரையும் கேள்வி கேளுக்கா. கேள்வி கேட்டா ஓடிப்போறவன்கிட்ட மட்டும் மருந்து வாங்காதே."