முப்பது குடும்பம் பார்க்க, ஒரு சாரம்

வீட்டிலிருந்து வேலை செய்யும் ஆம்பிளைகளுக்கு ஒரு ரகசியம் உண்டு: மேலே சேர்ட், கீழே இடுப்பில் சுற்றிய சாரம். அந்தக் கோலத்தில் போட்டிக்கும் போன புத்திசாலி நான்.

மகள் ஆரணிக்கு ஒன்பது வயது. பெற்றாரும் பிள்ளையும் சேர்ந்து செய்யவென்று அவளுடைய பள்ளிக்கூடம் ஒன்லைனில் சனிக்குச் சனி, ஆறு கிழமை உடற்பயிற்சி வகுப்பு வைத்தது. என் மனுசி சுபாவுக்கு முழங்கால் நோ. நானோ ஐந்து கிழமையும் "மீட்டிங்" என்று தப்பினேன் (மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது, படுத்துக்கிடந்தன்). கடைசிச் சனிக்கிழமை போட்டி. "எல்லாற்ற அப்பாவும் வருகினம். எனக்கு மட்டும் ஒருத்தரும் இல்லை" என்று கதவடியில் நின்றாள். அப்படியே எழும்பி ஓடினேன்.

போட்டி, பிளாங்க்; திரையில் முப்பது குடும்பம். முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராய்ப் பிடிக்கவேணும். இருவரில் ஒருவர் விழுந்தாலும் அவுட், கமராவை நிப்பாட்டினாலும் அவுட். அவுட்டானவர்கள் எழும்பி நின்று கை காட்டிவிட்டுப் போகவேணுமாம்.

இருபது செக்கன் போயிருக்காது, இடுப்பில் சாரம் கழண்டுவிட்டது! எழும்பினால் அது நிலத்தில். உள்ளே இருந்ததோ சுபா எறியச் சொல்லி ஒரு வருசமான ஓட்டை உள்ளுடுப்பு.

"அப்பா, டோன்ட் மூவ்! உங்கட சாரம்..." ஆரணி குசுகுசுத்தாள்.

"தெரியும் பிள்ளை. நீ விழாதை."

வியர்வை மூக்கால் சொட்டியது. ஊரில் உள்ள தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். திரையில் ஒவ்வொரு குடும்பமாக எழும்பிக் கை காட்டியது. கடைசியில் எங்களோடு மிஞ்சியவர் தினமும் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிற ஒரு அப்பா. அவருக்கு உடம்பில் பலம் இருந்தது, ஆனால் பயம் இல்லை. தொப்பென்று விழுந்தார்.

"என்ன மனவுறுதி! வென்ற அப்பா எழும்பி இரண்டு வார்த்தை பேசுங்கோ!" என்று துள்ளினார் பயிற்சி கொடுத்த ரீச்சர்.

ஆரணி பாய்ந்து லப்டொப்பைப் படாரென்று மூடினாள். பிறகு என் போனிலிருந்து "இன்டர்நெட் கட்" என்று எழுதியும் அனுப்பினாள். என் தங்கம்! இருவரும் கம்பளத்தில் கிடந்து, வயிறு நோகச் சிரித்தோம். கையில் கரண்டியோடு குசினியிலிருந்து வந்த சுபா குனிந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் எறியச் சொன்ன உந்த ஓட்டையைத்தானே போட்டிருக்கிறியள்?"

சான்றிதழ் இப்போது எங்கள் டோர்செட் பார்க் வீட்டு ஹோலில் தொங்குகிறது. வகுப்பு முடிந்தாலும், சனிக்கிழமைகளில் வீட்டில் ஆரணியோடு நானும் துள்ளுகிறேன், நாடாவை இரண்டு முடிச்சுப் போட்ட காற்சட்டையோடு. போன கிழமை நீச்சல் குளத்தில் கடைசிச் சுற்றில் ஆரணி களைத்துப்போய் நின்றாள். கரையிலிருந்து சுபா, அத்தனை சனத்துக்கும் கேட்கக் கத்தினாள்:

"சாரம் கழண்டிட்டுது எண்டு நினை, பிள்ளை!"

ஆரணி முடித்துவிட்டுத்தான் ஏறினாள்.